ரப்பருக்கு லைசென்ஸ் கொடுப்பது யார்?

யாரோடு வியாபாரம் செய்வதென்பதை அந்தந்த நாடே தீர்மானிக்க வேண்டும். குட்டி இலங்கை இதை 1952லேயே செய்து காட்டிவிட்டது.

கொரிய யுத்தத்தின்போது, 1951 மே மாதம், யுத்தத்துக்குப் பயன்படும் சரக்குகளைச் சீனாவுக்கு அனுப்பக்கூடாதென்று ஐ.நா. சபை தீர்மானம் போட்டது. மீறும் நாட்டுக்கு உதவி கிடையாதென்று அமெரிக்கா தனிச் சட்டமே செய்தது. அந்தத் தடையில் ரப்பரும் மாட்டிக்கொண்டது.

இலங்கையிலோ அரிசித் தட்டுப்பாடு. ரப்பர் விலையும் சரிவு. ஐ.நா.வில் இலங்கை அன்று அங்கத்தினர்கூட இல்லை. ஆண்டுகொண்டிருந்தது ஐக்கிய தேசியக் கட்சி; கம்யூனிஸ்டுகளுக்குப் பரம விரோதி! அந்தச் சர்க்காரே 1952 டிசம்பரில் சீனாவுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது: ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் கொடுத்து, 2,70,000 டன் அரிசி வாங்குவது. அமெரிக்கா உதவியை நிறுத்தியது. ஆனாலும் ஒப்பந்தம் நடந்தது. 1957இல் புதுப்பிக்கவும் பட்டது.

ஆண்டிமடம் முந்திரி விவசாயிக்கு இதில் என்ன? 2025 ஆகஸ்டில், ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையென்று, அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது 25 சதவிகிதம் கூடுதல் வரி போட்டது. முந்திரிப் பருப்பும் தப்பவில்லை. எண்ணெய் வாங்கியவன் எங்கோ இருக்க, அடி முந்திரிக்காட்டில் விழுந்தது.

மிரட்டலுக்கு நம் சர்க்கார் பணியக்கூடாது. அடிபடும் விவசாயிக்கு ஈடும் கொடுக்க வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்தே கேட்போம்!