சனியனா? சதை கெட்ட புரதமா?

தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வந்தது க்ஷயரோக ஆஸ்பத்திரியால் என்பது தோழர்கள் அறிந்ததே. டாக்டர் சௌரிமுத்து 1928-ல் அதை ஆரம்பித்த காலத்தில் க்ஷயத்தைப் பூர்வஜென்ம பாவம் என்று சொன்னவர்கள் உண்டு. மருந்து வந்தபின் அந்தப் பாவம் எந்த வழியாய்ப் போயிற்றென்று எவரும் சொல்லக் காணோம்.

இன்றும் குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ ஒருவருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, நாக்குத் தடித்து, அடிபடாமலே கண்ணைச் சுற்றிக் கன்றிப்போனால், ஏழரைச் சனி என்று திருநள்ளாற்றுக்குப் புறப்படுகிறார்கள். அது ஏ.எல். அமிலாய்டோசிஸ் என்னும் அபூர்வ வியாதியாயிருக்கலாம். எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்களில் ஒரு கூட்டம் கெட்டு, கோணலாய் மடிந்த புரதத்தை ரத்தத்தில் ஓயாமல் விடுகிறது. அது இருதயத்திலும் சிறுநீரகத்திலும் படிந்து அவற்றை விறைக்கச் செய்கிறது. இதில் சனிக்கு என்ன வேலை?

1975-ல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்ற இருவர், ஒரே குறியைத் தாக்கும் எதிர்ப்புப் புரதத்தை, அதாவது ஆன்டிபாடியை, வேண்டியமட்டும் உண்டாக்க வழி கண்டார்கள். அவ்வகையில் வந்த டாராடுமுமாப் என்னும் மருந்து அந்தக் கெட்ட செல்களைத் தேடிக் கொல்லுகிறது. 388 நோயாளிகளை வைத்துச் சோதித்து 2021-ல் வெளியிட்ட கணக்கில், பழைய மருந்துகளோடு இதையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தக்கேடு முழுதும் அடங்கிற்று. பழைய மருந்து மாத்திரம் பெற்றவர்களில் 18 பேருக்கே.

ஆனால் இம்மருந்து குழாயை மூடுமேயன்றி, தேங்கியதை இறைக்காது. தேங்கியதை எடுப்பதற்கென்றே செய்த பிர்டாமிமாப், ஆன்செலாமிமாப் என்ற இரண்டும் 2025-ல் பெரிய சோதனைகளில் தங்கள் முக்கிய நோக்கத்தை எட்டவில்லை. அதைச் செய்த கம்பெனிகளே வெளியில் சொல்லிவிட்டன. பலிக்கவில்லை என்று பகிரங்கமாய் ஒப்புக்கொண்ட பரிகாரம் ஒன்றையாவது யாராவது காட்டட்டுமே!

ஆகவே கடந்த நாட்கள் கடந்தவைதான். பரிகாரக்காரர் மாத்திரமல்ல, வைத்தியரும் நாளைப் போக்குகிறார். இருதயக்காரர் இருதயத்தையும், சிறுநீரகக்காரர் சிறுநீரையும் தனித்தனியே பார்த்து மாதக்கணக்கில் அலைய விடுகிறார்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க அதிகச் செலவில்லை. சந்தேகமிருந்தால் ரத்தத்தில் லைட் செயின் பரிசோதனையும், பிறகு சதைத் துணுக்குக்குக் காங்கோ சிவப்புச் சாயமும் போதும், கண்டுபிடிக்க.

2025-ல் இம்மருந்துக்குச் சுங்கவரியையும், செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யையும் சர்க்கார் நீக்கியது, நல்லதே. அப்படியும் லட்சக்கணக்கில் பணம் வேண்டுமானால் முடிச்சூர்க் கூலிக்காரன் எங்கே போவான்? மருந்தைச் சர்க்காரே மொத்தமாய் வாங்கட்டும். அதுவரையிலாவது, கால் வீங்கி வருகிறவனின் சிறுநீரை முதல் நாளே பார்க்கும்படி ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் உத்தரவு போடுவதில் என்ன கஷ்டம் என்று கேட்கின்றோம்.