ஆபீஸுக்கு வாட்ஸ்அப் குரூப் போதுமா? ஆப் மாற்றும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

கீழ்பென்னாத்தூரில் உள்ள டூவீலர் ஷோரூமோ, திருவண்ணாமலையில் உள்ள ஆடிட்டர் ஆபீஸோ, பத்துப் பேர் வேலை பார்த்தால் அங்கே கட்டாயம் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கும். ஸ்டாக் போட்டோ, லோன் கேட்டு வந்தவரின் ஆதார், 'குட் மார்னிங்' எல்லாம் அதில்தான். செலவில்லை, யாருக்கும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை.

சரி, ஒருவர் வேலையை விட்டுப் போனால்? குரூப்பில் இருந்து நீக்கலாம். அதுவரை வந்த ஆதாரும் பில்லும் அவர் போனிலேயே இருக்குமே!

என்ன வித்தியாசம்?

ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், ஸோஹோ க்ளிக் போன்றவற்றில் அக்கவுன்ட் நிறுவனத்துடையது. ஆள் போனதும் அட்மின் அதை முடக்கலாம். பழைய உரையாடல் நிறுவனத்திடமே இருக்கும். புதிதாக வருபவர் அதைப் படித்தே வேலையைத் தொடரலாம்.

அப்போ அரட்டை?

2025 செப்டம்பரில் மூன்றே நாளில் தினசரி பதிவு 3,000-லிருந்து 3.5 லட்சமானதாக ஸ்ரீதர் வேம்பு சொன்னார். ஆனால் அரட்டை, வாட்ஸ்அப் போல தனிநபருக்கானது. ஸோஹோவின் ஆபீஸ் ஆப் க்ளிக்தான். பலரும் குழம்புவது இங்கேதான்.

இலவசம் எதுவரை?

ஜூம் மீட்டிங் 40 நிமிடம். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். ஸ்லாக்கில் கடைசி 90 நாள் மெசேஜ்தான் தெரியும். ஓராண்டைத் தாண்டியவை அழிக்கப்படும். எதுவும் நிரந்தரமும் இல்லை: 2025 மே 5-ல் ஸ்கைப்பே மூடப்பட்டது. எனவே டேட்டாவை டவுன்லோடு செய்ய வழி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

ஊழியருக்கு என்ன லாபம்?

பெண் ஊழியரின் பர்சனல் நம்பர் குரூப்பில் எல்லோர் கண்ணிலும் படாது. இரவில் ஆபீஸ் ஆப்பை மட்டும் மியூட் செய்யலாம். ஒரு எச்சரிக்கை: அங்கே நீங்கள் பேசுவதை நிறுவனம் எடுத்துப் பார்க்க வாய்ப்புண்டு. சொந்தக் கதையை அங்கே பேச வேண்டாம்.

எப்போது மாற வேண்டும்?

டீ பிரேக் பேச்சுக்கு வாட்ஸ்அப் போதும். வாடிக்கையாளரின் ஆவணம் குரூப்பில் விழ ஆரம்பித்த நாளே மாற வேண்டிய நாள். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பாதுகாக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. சட்டம் படிப்படியாக அமலாகிறது.

எந்த ஆப்பில் வசதி அதிகம் என்பது அப்புறம். 'ஆள் போன பிறகு டேட்டா யாரிடம் இருக்கும்?' இதை முதலில் கேளுங்க பாஸ்!