பத்துக் கிலோமீட்டர் வானொலி



தஞ்சைத் தரணியில் 'ரேடியோ நெல்' என்றொரு நெல் விளைந்தது. மூத்த உழவர் பலர் அதை மறந்திருக்கமாட்டார்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1960-களின் நடுவில் வெளியிட்ட ஆடுதுறை 27 என்னும் குறுவை இரகமே அது. கிச்சிலிச் சம்பாவிலிருந்து தேர்ந்தெடுத்த ஜி.இ.பி. 24ஐ ஜப்பானிய இரகம் ஒன்றோடு இணைத்துப் பெற்ற நெல். 1939 முதல் ஒலித்துவந்த திருச்சி வானொலி நிலையம் அதன் நாற்றங்கால், உரம், பூச்சி மருந்து அனைத்தையும் பண்ணைச் செய்தியில் விளக்கியது. கேட்ட மக்கள் எண்ணை விட்டுவிட்டு, வானொலியின் பெயரையே நெல்லுக்குச் சூட்டிவிட்டார்கள். ஒரு பயிருக்கு இப்படிப் பெயர் கிடைத்த கதை வேறெங்கும் உண்டோ நாமறியோம்.

அந்த நிலையம் பெரிய நிலையம். மாவட்டங்களைக் கடந்து கேட்கக்கூடியது. ஆனால் பெரிய குரலுக்கு ஒரு குறை உண்டு. கல்லணைத் தலைப்பில் இருப்பவருக்கும் கடைமடையில் இருப்பவருக்கும் அது ஒரே சொல்லைத்தான் சொல்லும். மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி எல்லார்க்கும் பொது. எங்கள் வாய்க்காலில் முறை எப்போது, எந்த மதகு பழுது என்பதோ அந்தந்த ஊர்க்காரருக்கு மட்டுமே வேண்டியது. அதைச் சொல்ல ஒரு சிறு குரல் வேண்டும்.

அச்சிறு குரலுக்கு நம் நாட்டில் வழி பிறக்க நெடுங்காலம் ஆயிற்று. வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கிரிக்கெட் ஆட்டத்தை யார் ஒளிபரப்புவது என்ற வழக்கில் இத்தீர்ப்பு பிறந்தது என்பது வேடிக்கையே! 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவு திறந்தது. 2004 பிப்ரவரி முதல் நாளில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் வளாக வானொலி ஒலித்தது. 2006 நவம்பரில்தான் தொண்டு நிறுவனங்களும் உழவர் அறிவியல் நிலையங்களும் உரிமம் கேட்கலாம் என்று அரசு விதி வகுத்தது. தனி மனிதருக்கும் அரசியல் கட்சிக்கும் இலாப நோக்குள்ள நிறுவனத்துக்கும் இடமில்லை. கேட்பவர் அந்த வட்டாரத்தில் மூன்றாண்டுகளேனும் தொண்டாற்றியிருக்க வேண்டும். 2008 அக்டோபரில் அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் ஏழைத் தலித் பெண்கள் நடத்திய சங்கம் வானொலி, தொண்டு நிறுவன நிலையங்களில் முதலாவதாயிற்று.

நம் பக்கத்திலும் இல்லாமலில்லை. திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியும், வல்லத்திலுள்ள பெரியார் மணியம்மை கல்வி நிறுவனமும் சமுதாய வானொலி கண்டன. அருட்சகோதரிகளின் கல்லூரியும் பகுத்தறிவாளர் நிறுவனமும் ஒரே விதிக்குள் உழவரிடமும் பெண்களிடமும் பேசுவது நமக்கு மகிழ்ச்சியே.

எனினும் நம் உள்ளத்தைத் தொடுவது வேளாங்கண்ணிக்குத் தெற்கே, கடலோரத்தில் உள்ள விழுந்தமாவடி. 2004 டிசம்பர் 26 இல் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எச்சரிக்கை ஒன்று வந்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்று ஏங்காத வீடு அக்கரையில் இல்லை. அந்த ஏக்கத்திலிருந்தே, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு, மதுரைத் தானம் அறக்கட்டளை அங்கே களஞ்சியம் சமூக வானொலியை நிறுவியது. தொடக்கத்தில் உரிமம் கையில் இல்லை. பதிவு செய்த நிகழ்ச்சியை ஒலிபெருக்கி வைத்து ஊராருக்குக் கேட்கச் செய்தார்கள். புயல், வெள்ளம் வந்தால் செய்ய வேண்டுவன யாவையென ஊர் மக்களே ஊர் மக்களுக்குச் சொல்லும் ஏற்பாடு அது.

உரிமம் கிடைத்தாலும் எட்டும் தொலைவு எவ்வளவு? விதிப்படி, கதிர்வீச்சு ஆற்றல் பெரும்பாலும் நூறு வாட். அதாவது ஒரு பழைய குண்டு விளக்கின் அளவு. கம்பத்தின் உயரம் முப்பது மீட்டரைத் தாண்டலாகாது. கேட்கும் தொலைவு ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டர். மலை குறுக்கிடாத நம் சமவெளியில் பத்துக் கிலோமீட்டர் வட்டம் என்றால் ஏறத்தாழ 314 சதுரக் கிலோமீட்டர். நெல் வயலும் சில வாய்க்காலும் பல சிற்றூர்களும் அடங்கும். உள்நாட்டு ஊருக்கு அது போதும் என்றே நாம் எண்ணுகிறோம். ஓரிடத்து மண்ணை அறிந்தவர் அம்மண்ணுக்கே பேச, அதைவிடப் பெரிய வட்டம் வேண்டியதில்லை.

கடலோரத்தில் கணக்கு மாறுகிறது. வட்டத்தின் ஏறத்தாழ பாதி நீரில் விழுகிறது. எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் மீனவரோ அந்தப் பாதியையும் தாண்டி வலை வீசச் செல்கிறார். நில அமைப்பு கோரினால் 250 வாட் வரை தரலாம் என விதியிலேயே இடம் உண்டு. ஒவ்வொன்றாக ஆராய்ந்தே தருவர். நாகைக் கரையைவிடத் தகுதியான இடம் எதுவென நமக்குப் புலப்படவில்லை.

வேறொரு தடையும் உண்டு. இந்நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை எடுத்து ஒலிபரப்பலாம். பக்கத்து ஊரின் செய்தி தில்லி சுற்றி வரவேண்டும் போலும்! வருவாயும் குறைவே. மணிக்கு ஐந்து நிமிடமாக இருந்த விளம்பர நேரம் பின்னர் ஏழாகி, 2024 பிப்ரவரியில் பன்னிரண்டாயிற்று. அறிவுரைக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் அப்போது வந்த விதியே. அவ்வாண்டில் நாடெங்கும் ஏறத்தாழ ஐந்நூறு நிலையங்கள் இருந்தன. நாட்டின் பரப்புக்கு அது மிகச் சிறிது.

கொலம்பியா நாட்டின் சுத்தாதென்சா என்னும் மலையூரில், 1947 இல் ஹோசே ஹோவாக்கின் சல்செதோ என்னும் இளங்குரு சிறு ஒலிபரப்பிக் கருவி ஒன்றைக்கொண்டு உழவர்களுக்கு எழுத்தறிவிக்கத் தொடங்கினார். அது நாடு முழுவதும் கேட்கும் நிலையமாக வளர்ந்தது. நம் விதியில் அப்படி வளர இடமில்லை. பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊர், தனக்கென வேறொரு நிலையம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியதுதான். நம் பங்குகளில் ஆண்டுக்கணக்காய் உழைக்கும் பதிவுபெற்ற மகளிர் சங்கங்களும் உழவர் சங்கங்களும் பல உண்டு. மூன்றாண்டுத் தொண்டு என்ற நிபந்தனையை அவை எப்போதோ நிறைவேற்றிவிட்டன. விண்ணப்பம் தில்லியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குச் செல்ல வேண்டும்.