பட்டியலில் பட்டிக்காடு எங்கே?

மழைக்காலம் நெருங்கினால் மரக்காணத்து உப்பளங்களிலே வேலை நிற்கும். வெயிலிலே வெந்து மிதித்துப் பதமாக்கிய பாத்திகள் தண்ணீரில் முழுகும். உப்பு வாரும் பலகை சுவரோரம் சாயும். கூலி நிற்கும். அடுப்பு மட்டும் நிற்க மறுக்கும்.

அதே நேரத்தில்தான் நாட்டின் மைதானங்களிலே மட்டைகள் உறையிலிருந்து வெளிவருகின்றன. ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தின் புதிய பருவம் தொடங்குகிறது. ஒவ்வொரு மாநிலமும் தன் அணியை அறிவிக்கிறது. தமிழ்நாட்டு அணியின் பட்டியலும் ஏடுகளில் வெளிவரும். பதினைந்து, பதினாறு பெயர்கள். யார் உள்ளே, யார் வெளியே என்று காப்பிக் கடையிலே வாதம் நடக்கும்.

"உப்பளத் தொழிலாளிக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு?" என்று கேட்கும் சீமான்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரம்மதேசத்திலும் மரக்காணத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலே வந்து பாருங்கள். அறுப்பு முடிந்த வயல், வற்றிய ஏரி, பள்ளிக்கூடத்துத் திடல் எதுவானாலும் அங்கே மூன்று குச்சி நட்டிருக்கும். ரப்பர்ப் பந்து பறக்கும். கால்சட்டையை மடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, இருபதடி தூரம் ஓடிவந்து பந்து வீசுகிறானே ஒரு பையன், அவன் தந்தை உப்பு வாருகிறவர். ஆட்டம் அவனிடம் வந்து சேர்ந்துவிட்டது. பட்டியல்தான் இன்னும் அவனிடம் வந்து சேரவில்லை!

பட்டியலைப் பற்றிப் பேசுமுன் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுவோம்.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்த இடம் எது? பம்பாய் அல்ல, கல்கத்தாவும் அல்ல. நம் சேப்பாக்கம்! 1934-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் சென்னையும் மைசூரும் மோதின. ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. சென்னைக்கு இன்னிங்ஸ் வெற்றி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அந்தப் பந்தயத்தின் முதற் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். 'எம்' என்ற எழுத்து எதைக் குறிக்கிறது தெரியுமா, தோழர்களே? மொறப்பாக்கம்! நமக்கு வடக்கே, செங்கற்பட்டு மாவட்டத்திலுள்ள ஒரு சிற்றூர். நாட்டுப் பந்தயத்தின் முதற் பந்து, பெயரிலே கிராமத்தைச் சுமந்த ஒருவரின் கையிலிருந்து புறப்பட்டது.

ஆனால் ஒன்றையும் மறக்கக் கூடாது. கோபாலனின் குடும்பம் அவர் சிறுவராயிருந்தபோதே திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது. சேப்பாக்கத்துக்கு நடந்துபோகும் தூரம். அதனால்தான் அவருடைய திறமை கண்ணுள்ளோர் கண்ணில் பட்டது. அவர் மொறப்பாக்கத்திலேயே இருந்திருந்தால்? இந்தக் கேள்விதான் தொண்ணூறு ஆண்டு கடந்தும் நம் முன்னே நிற்கிறது.

அன்று தொடங்கிய பந்தயத்திலே நம் அணி கண்ட பலன் என்ன? 1954-55 பருவத்தில், பாலு அழகண்ணன் தலைமையில், இந்தூரிலே ஹோல்கார் அணியை வென்று கோப்பையைக் கொண்டுவந்தோம். 1987-88 பருவத்தில், வாசுதேவன் தலைமையில், சேப்பாக்கத்திலேயே ரயில்வே அணியை வென்றோம். அவ்வளவுதான்! இரண்டே கோப்பைகள். அதன் பிறகு இறுதி ஆட்டம் வரை போனோம், திரும்பினோம். 2002-03, 2003-04 இரண்டு பருவங்களிலும் மும்பையிடம் தோற்றோம். 2011-12-இல் ராஜஸ்தானிடம் தோற்றோம். 2014-15-இல் கர்நாடகத்திடம் தோற்றோம். ஏழாண்டு இடைவெளிக்குப் பின் 2024 மார்ச்சில் அரையிறுதிக்கு வந்தோம். மும்பை நம்மை இன்னிங்ஸ் கணக்கில் வென்றது. 2025 பிப்ரவரியில் கால் இறுதியில் விதர்ப்பாவிடம் வீழ்ந்தோம். அதே ஆண்டு அக்டோபரில் கோவையிலே, சொந்த மண்ணிலே, பருவத்தின் முதல் ஆட்டத்தில் ஜார்க்கண்டிடம் இன்னிங்ஸ் தோல்வி.

திறமைக்குப் பஞ்சமா? இல்லை! ஜெகதீசன் என்ற கோவைத் தம்பி 2022 நவம்பரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் தனியொருவராக 277 ஓட்டங்கள் குவித்தார். 2023-24 ரஞ்சிப் பருவத்தில் 53 விக்கெட்டுகளோடு நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர் நம் சாய் கிஷோர். அதே பருவத்தில் அஜித் ராமின் சுழலும் அவருக்குத் தோள் கொடுத்தது. இந்திரஜித்தும் பிரதோஷும் நின்று ஆடத் தெரிந்தவர்கள். ஆண்ட்ரே சித்தார்த் பதினெட்டு வயதிலேயே மூத்தோர் அணிக்குள் வந்துவிட்டார். இருபது ஓவர் ஆட்டத்துக்கான சையத் முஷ்டாக் அலி கோப்பையை அடுத்தடுத்து இரண்டு பருவங்கள், 2021 சனவரியிலும் நவம்பரிலும், நாம் வென்றோம். கடைசிப் பந்திலே ஷாருக்கான் அடித்த ஆறு ஓட்டங்களைத் தமிழகம் மறக்குமா?

குறுகிய ஆட்டத்தில் வெல்கிறோம், நான்கு நாள் ஆட்டத்திலே ஏன் தளர்கிறோம்? காரணம் ஆழத்தில் இருக்கிறது. சாய் சுதர்சனையும் வாஷிங்டன் சுந்தரையும் இந்திய அணி அழைத்துக்கொள்கிறது. அழைக்கட்டும், நமக்குப் பெருமைதான். விஜய் சங்கர் 2025-இல் திரிபுராவுக்குப் போனார். போகட்டும், அது அவர் உரிமை. ஆனால் நால்வர் போனால் அந்த இடத்திலே நிற்க நாற்பது பேர் தயாராக இருக்கிறார்களா? நான்கு நாள் வெயிலிலே சளைக்காமல் ஓடிவந்து பந்து வீசும் வேகப்பந்து வீரர்கள் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்? அங்கேதான் கிணறு வற்றுகிறது.

அந்தக் கிணற்றுக்கு எங்கிருந்தெல்லாம் தண்ணீர் வந்தது பாருங்கள். குர்ஜப்னீத் சிங் பஞ்சாபிலே பிறந்தவர். சென்னைக்கு வந்து, சென்னைக் கழகங்களிலே ஆடி வளர்ந்து, 2024 அக்டோபரில் சௌராஷ்டிரத்தைச் சாய்த்தார். சந்தீப் வாரியர் கேரளத்திலிருந்து வந்தவர். வந்தாரை வாழவைக்கும் நாடு இது. அவர்களை வரவேற்கிறோம், கைதட்டுகிறோம். ஆனால் ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை. பஞ்சாபிலே பிறந்த பிள்ளைக்குத் திறக்கும் சேப்பாக்கத்துக் கதவு, நூற்றிருபது கிலோமீட்டர் தொலைவிலே இருக்கும் மரக்காணத்துப் பிள்ளைக்கு ஏன் தென்படவே இல்லை? லூதியானாவைவிடப் பிரம்மதேசம் தொலைவா?

"கிராமத்திலே திறமை இருந்தால் தானாக வெளிவரும்" என்பார்கள் சிலர். தானாக வெளிவர அது என்ன ஊற்று நீரா? சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் நடராசனைக் காட்டுவார்கள். காட்டட்டும், நாமும் காட்டுகிறோம். தறிக் கூலித் தொழிலாளியின் மகன். தாய் சாலையோரத்தில் கடை போட்டவர். ஊர்த் திடலிலே டென்னிஸ் பந்தில் ஆடியவரை, அதே ஊர் அண்ணன் ஒருவர் கைப்பிடித்துச் சென்னைக்கு அழைத்து வந்தார். 2015-இல் ரஞ்சியில் அறிமுகம். வீசும் முறையில் ஐயம் என்றார்கள். வீழ்ந்தாரா? இல்லை. கையையே புதிதாகப் பழக்கிக்கொண்டு மீண்டு வந்தார். 2021 சனவரியில் பிரிஸ்பேனிலே இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடி, முதல் இன்னிங்சிலேயே மூன்று விக்கெட்டுகள்!

இந்தக் கதை சொல்லும் பாடம் என்ன? திறமை தானாக வெளிவரும் என்பதா? அல்ல! ஓர் அண்ணன் இருந்தார், ஆகவே ஒரு நடராசன் கிடைத்தார். அண்ணன் இல்லாத ஊர்களிலே எத்தனை நடராசன்கள் தறியிலும், உப்புப் பாத்தியிலும், செங்கற் சூளையிலும் புதைந்து போனார்கள் என்பதற்குக் கணக்கு வைத்தவர் உண்டா? இதை உணர்ந்தவர் நடராசனே. அதனால்தான் 2023-இல் தன் ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்தார். ஓர் ஆட்டக்காரர் தன் உழைப்பில் செய்ததை, அமைப்புகள் செய்யத் தயங்குவானேன்?

வெளிநாட்டையும் ஒரு முறை பார்ப்போம். கிரிக்கெட்டின் தாயகமான இங்கிலாந்திலே கனவான்கள் என்றும் கூலிக்கு ஆடுவோர் என்றும் ஆட்டக்காரரை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். உடை மாற்றும் அறை வேறு, மைதானத்துக்குள் வரும் வாசல் வேறு. கூலிக்கு ஆடுகிறவர் இங்கிலாந்தின் தலைவராக 1952 வரை, லென் ஹட்டன் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரிவினையே 1962-இல்தான் ஒழிந்தது. நம் நாட்டிலே பல்வங்கர் பாலு, தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். பூனாவிலே மைதானத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் சாய்த்தார். ஆனாலும் தலைமைப் பதவி அவருக்குத் தரப்படவில்லை. பந்து வீசக் கை வேண்டும், தலைமை தாங்க மட்டும் குலம் வேண்டும்! இதுதான் அன்றைய நீதி.

மேற்கிந்தியத் தீவுகளிலோ, ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பர், ஆனால் தொடருக்குத் தலைவர் வெள்ளையர். இந்த அநீதியை உடைத்தது எது தெரியுமா? ஒரு கட்சி ஏடு! டிரினிடாடின் மக்கள் தேசிய இயக்கத்தினுடைய ஏட்டின் ஆசிரியர் சி.எல்.ஆர். ஜேம்ஸ், பிராங்க் வொரெலைத் தலைவராக்கு என்று இடைவிடாமல் எழுதினார். மக்கள் குரல் சேர்ந்தது. 1960-இல் ஆஸ்திரேலியா சென்ற அணிக்கு வொரெல் தலைவரானார். பிரிஸ்பேனிலே அந்த அணி ஆடிய முதல் டெஸ்ட், வெற்றி தோல்வியின்றிச் சமனில் முடிந்து உலகையே வியக்க வைத்தது. ஆகவே, "கட்சி ஏட்டுக்கு ஆட்டப் பட்டியலில் என்ன வேலை?" என்று கேட்போருக்கு நம் பதில் சுருக்கமானது. இடம் மறுக்கப்படும் இடமெல்லாம் நமக்கு வேலை உண்டு!

இனிக் காசுக் கணக்குக்கு வருவோம். 2021-இல் கிரிக்கெட் வாரியம் அறிவித்த ஊதியப்படி, ரஞ்சியில் களமிறங்கும் புதியவருக்கே ஒரு நாளைக்கு 40,000 ரூபாய். நாற்பது ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்கு 60,000. அதாவது, நான்கு நாள் ஆட்டம் ஒன்றுக்குப் புதியவர் பெறுவது 1,60,000 ரூபாய். மழைக்காலத்திலே வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளிக்கு அரசு 2022-இல் வழங்கத் தொடங்கிய நிவாரணம் 5,000 ரூபாய். ஆட்டக்காரருக்கு அள்ளித் தருகிறார்களே என்று நாம் அழவில்லை. வியர்வைக்கு விலை கிடைப்பதை வெறுப்பவர்கள் அல்ல நாம். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு பெயர் ஏறினால் ஓர் உப்பளக் குடும்பமே கரையேறும். அப்படிப்பட்ட வாசலுக்குப் போகும் வழியை நகரத்துத் தெருக்களுக்கு மட்டும் போட்டுவைப்பது நியாயமா என்பதுதான் கேள்வி.

வழி எப்படி இருக்கிறது இன்று? 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் நடக்கிறது. திண்டுக்கல், நெல்லை, சேலம், கோவை என்று மாவட்டப் பெயர்கள் ஒலிக்கின்றன. நல்ல முன்னேற்றம், பாராட்டுகிறோம். ஆனால் விழுப்புரத்தின் பெயரில் ஓர் அணி இல்லை. நமக்குத் தெற்கே, புதுவை 2018-இல் தனி அணியாக ரஞ்சிக்குள் நுழைந்தது. மரக்காணத்துப் பையனுக்குப் பக்கத்து மைதானம் புதுவையில், அவன் மாநிலத்து மைதானம் சென்னையில். இரண்டுக்கும் நடுவே உப்புப் பாத்தியிலே அவன்!

இன்னும் ஒன்று. ரப்பர்ப் பந்தும் டென்னிஸ் பந்தும் வேறு, தோல் பந்து வேறு. தோல் பந்துக்குக் கால்கவசம் வேண்டும், கையுறை வேண்டும், தலைக்கவசம் வேண்டும், சமனான ஆடுகளம் வேண்டும். தோல் பந்தையே தொட்டறியாத பிள்ளையைத் தேர்வுக்கு வா என்றழைத்து, வந்தவன் தடுமாறினால் "திறமை போதாது" என்று எழுதுவது, நீச்சல் தெரியாதவனைக் கடலிலே தள்ளி முழுகினான் என்று முடிவு சொல்வது போன்றது.

நாம் கேட்பது சலுகை அல்ல. கேட்பவை இவை:

முதலாவது, வட்டந்தோறும் ஒரு பொதுத் திடல். அதிலே ஒரு நல்ல ஆடுகளம், பொதுவில் வைத்த ஆட்டக் கருவிகள்.

இரண்டாவது, தேர்வு ஆட்டங்களின் நாளும் இடமும் ஊராட்சிப் பலகையிலும் பள்ளிக்கூடத்திலும் ஒட்டப்பட வேண்டும். உப்பு வாரும் பருவத்தில் தேர்வு வைத்தால் உழைப்பாளி வீட்டுப் பிள்ளை வர முடியாது. வருகிறவனுக்குப் பயணப் படியும், இழந்த கூலிக்கு ஈடும் தரப்பட வேண்டும்.

மூன்றாவது, மாவட்ட ஆட்டங்களின் ஓட்டக் கணக்கும் விக்கெட் கணக்கும் ஏடுகளில் வெளிவர வேண்டும். கணக்கு வெளியே இருந்தால் தேர்வு நேராக இருக்கும்.

நான்காவது, ஆடுகிறவனுக்கு வேலை. ரயில்வே அணி 2001-02, 2004-05 ஆகிய இரு பருவங்களில் ரஞ்சிக் கோப்பையை வென்றதே, அது எப்படி? மாதச் சம்பளம் என்ற கவலையற்ற அடித்தளம்! தோனியே கரக்பூரில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக இருந்தவர்தானே? வயிறு நிறைந்தால் கை வீசும்.

தோழர்களே! கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. நம் படிப்பகங்களும் மன்றங்களும் என்ன செய்கின்றன? விழா நாளில் கோப்பைப் போட்டி வைத்து, மேடையிலே மாலை போட்டுக்கொள்வதோடு நிறுத்தினால் போதாது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். யார் எத்தனை ஓட்டம், யார் எத்தனை விக்கெட் என்று ஞாயிறுதோறும் எழுதுங்கள். தோல் பந்து வாங்கிக் கொடுங்கள். நல்லவன் ஒருவன் தென்பட்டால் அவனை மாவட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சின்னப்பம்பட்டியிலே ஓர் அண்ணன் செய்ததைப் பிரம்மதேசத்திலே பத்துத் தோழர்கள் செய்ய முடியாதா?

பிரம்மதேசம் என்ற பெயரே மன்னர்கள் மானியமாக நிலம் கொடுத்த காலத்தை நினைவூட்டுகிறது. அன்று மன்னன் வாய் அசைந்தால் ஊர் கிடைத்தது. இன்று அணியில் இடம் யாருடைய வாய் அசைவிலும் கிடைக்கக் கூடாது. அது மானியம் அல்ல. வெயிலிலே ஓடி, வியர்வை சிந்தி, கையிலே காய்ப்பு ஏறியவன் பெறும் உரிமை.

பட்டியல் வரட்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒவ்வொருவரையும் வாழ்த்துவோம், மூன்றாவது கோப்பையைக் கொண்டுவா என்று முழக்கமிடுவோம். வாழ்த்திய கையோடு, விரல் வைத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணுவோம். எந்த மாவட்டம், எந்த ஊர், எந்த வீடு என்று கேட்போம். இந்த ஆண்டு கேட்போம், அடுத்த ஆண்டும் கேட்போம். உப்பு விளையும் மண்ணிலிருந்து ஒரு பெயர் அந்தப் பட்டியலில் ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்!