மட்டக்குதிரையும் குரங்கு பெடலும்

எங்க அண்ணன் குதிரை வாங்கப் போறாருங்க. ஆமா, குதிரையே தான். நாலு காலு, வாலு, கொள்ளு திங்கிற குதிரை. பென்னாகரம் பக்கத்துல காடு இருக்கு, கெணத்துல தண்ணி இருக்கு, மாட்டுக் கொட்டாய் காலியாக் கெடக்கு, லீவுக்கு லீவு பசங்க அடம் புடிக்கிறாங்க, அப்புறம் என்னங்கறாரு. அவரு பையனுக்கு 13 வயசு, 41 கிலோ. என் பொண்ணுக்கு 7 வயசு, 19 கிலோ. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரே குதிரை. என் கருத்துக்கு வீட்டுல ஒரு ஓட்டு கூட விழல. அதனால தான் இங்க வந்து புலம்பறேன் :-)

அண்ணன் கட்சி இது: "டேய், வளர்ற பசங்க. கொஞ்சம் பெரிசாவே புடிச்சுப் போட்டுடலாம். ரெண்டு வருசத்துல சரியாப் போயிடும்."

இந்த வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க. ஆறாங்கிளாஸ் யூனிஃபார்ம் எட்டாங்கிளாஸ் வரைக்கும் வரணும்னு தைச்சுப் போட்ட பரம்பரை நாம. சைக்கிளும் அப்படித்தான். அப்பாவோட சைக்கிள்ல பாருக்கு நடுவுல காலை விட்டு குரங்கு பெடல் அடிச்சுத் தான் நான் கத்துக்கிட்டேன். முட்டி பேந்துச்சு, ஆனா கத்துக்கிட்டேன். அதே கணக்கைக் குதிரைக்கும் போடறாரு மனுசன். சைக்கிளை ஸ்டாண்டு போட்டா நிக்கும், பாம்பைப் பாத்தா மிரளாது, கீழ விழுந்தவன் மேல மிதிக்காது. குதிரைக்கு இதெல்லாம் உண்டு.

முதல்ல உயரம். குதிரையைக் 'கை' கணக்குல அளப்பாங்க. ஒரு கைன்னா 4 அங்குலம். தலை வரைக்கும் அளக்கக் கூடாது. கழுத்து முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கிற எடத்துல ஒரு மேடு இருக்கும் பாருங்க, தரையில இருந்து அது வரைக்கும் தான். 14.2-ன்னு எழுதியிருந்தா 14 கை 2 அங்குலம், அதாவது 58 அங்குலம். பொதுவா இதுக்குக் கீழ இருக்கறதெல்லாம் மட்டக்குதிரை. மணிப்பூர்ல போலோ ஆடற குதிரைங்க எல்லாம் 11-ல இருந்து 13 கைக்குள்ள தான். அண்ணன் மனசுல இருக்கறது மார்வாரி, இல்லன்னா கத்தியவார். ரெண்டும் காது நுனி உள்பக்கமா வளைஞ்சு ஒண்ணை ஒண்ணு பாத்துக்கும், அழகுல குறையே இல்ல. ஆனா பெரும்பாலும் 14 கைக்கு மேல.

என் பொண்ணு நின்னா 47 அங்குலம். 12 கை மட்டக்குதிரை பக்கத்துல நிறுத்தினா, குதிரை முதுகும் அவ உச்சந்தலையும் ஏறக்குறைய ஒரே மட்டம். 14.2 பக்கத்துல நிறுத்தினா முதுகு அவ தலைக்கு மேல 11 அங்குலம். அவளால சேணம் மாட்ட முடியாது, கடிவாளம் போட முடியாது, யாராச்சும் தூக்கி விட்டாத்தான் ஏற முடியும். ஏறி உக்காந்தாலும் காலு அகல விரிஞ்சு நிக்குமே தவிர குதிரையோட விலாவுல படியாது. சுருக்கமா சொன்னா அது சவாரி இல்ல, மூட்டை ஏத்தறது.

"அப்ப சின்னதாவே வாங்கிடு, பையன் என்ன பண்ணுவான்?" இது அண்ணி கேட்டது. நியாயமான கேள்வி. அங்க தான் எடை வருது.

குதிரையோட சொந்த எடையில 20 சதவீதத்துக்கு மேல ஏத்தக் கூடாதுங்கறது பரவலா சொல்ற கணக்கு. ஆளு, சேணம் எல்லாம் சேர்த்து. 2008-ல அமெரிக்காவுல ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துல 8 குதிரைங்க மேல 15, 20, 25, 30 சதவீதம்னு ஏத்திப் பாத்தாங்க. 25-க்குப் போனதுமே இதயத்துடிப்பு கூடுச்சு, சதை வலியும் தெரிஞ்சுது. அது நல்லாத் தின்னு வளர்ந்த குதிரை. நம்ம ஊரு ஒல்லிக்கு அதுக்கும் கீழ நிக்கறது நல்லது.

எடைமேடை எல்லாம் வேண்டாம், டெய்லர் டேப் போதும். முன்னங்கால் பின்னாடி நெஞ்சைச் சுத்தி எத்தனை அங்குலம்னு அளந்து, அதை அதாலயே பெருக்கணும். அதைத் திரும்ப, மார்பு முனையில இருந்து பிட்டம் வரைக்கும் உள்ள நீளத்தால பெருக்கி 330-ஆல வகுத்தா பவுண்டு கணக்குல தோராய எடை. நெஞ்சு 52, நீளம் 47-ன்னா 385 பவுண்டு, அதாவது 175 கிலோ. 35 கிலோ தான் தாங்கும். எங்க பையன் 41, சேணம் ஒரு 6, ஆக 47. ஏறக் கூடாது. நெஞ்சு 58, நீளம் 52 இருந்தா 240 கிலோ, 48 வரைக்கும் ஏத்தலாம். அதாவது 12 கை, மிஞ்சினா 12 கையும் ஒண்ணு ரெண்டு அங்குலமும், ஆனா உடம்பு கட்டையா, நெஞ்சு அகலமா இருக்கறதா தேடணும்.

என் கட்சி அவ்வளவு தான். உயரத்தைச் சின்னவளுக்குப் பாரு, கட்டுமஸ்தைப் பெரியவனுக்குப் பாரு. நாளைக்கு வளரப் போறதுக்காக இன்னிக்கு எதையும் வாங்காதே.

போன ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனோம். தொப்பூர், மேட்டூர், அம்மாபேட்டை வழியா காலையிலயே கெளம்பிட்டோம். திப்பு சுல்தான் காலத்துல இருந்து நடக்கற சந்தைன்னு சொல்லுவாங்க. குதிரையை ஆட விட்டுக் காட்டறதைப் பாத்து அண்ணன் வாயைப் பொளந்துட்டாரு. ஆடற குதிரை பசங்களுக்கு எதுக்குங்க? ஒரு வியாபாரி எங்ககிட்ட அரை மணி நேரம் சுழி பத்தியே பேசினாரு, இந்தச் சுழி ராசி, அந்தச் சுழி ஆகாதுன்னு. குளம்பைத் தூக்கிக் காட்டுங்கன்னு கேட்டேன். பேச்சு நின்னுடுச்சு. இன்னொருத்தர் ஒரு வயசுக் குட்டியைக் காட்டி, "பசங்களோட சேந்து வளரட்டும் தம்பி"ன்னாரு. கேக்க எவ்வளவு நல்லா இருக்கு! ஆனா ஒண்ணும் தெரியாத பிள்ளையை ஒண்ணும் தெரியாத குதிரை மேல ஏத்தறதை விட மோசமான யோசனை கெடையாது. முன்பல்லு எல்லாம் விழுந்து முளைச்சு முடியவே குதிரைக்கு 5 வயசு ஆகும். பசங்களுக்கு எட்டு பத்து வயசுக்கு மேல, ஊரைப் பாத்து, லாரி ஹாரனைக் கேட்டுப் பழகின கிழடு தட்டினது தான் வேணும். பொட்டை, இல்லன்னா காயடிச்ச ஆண். காயடிக்காத ஆண் குதிரை பக்கமே போகக் கூடாது, அது எவ்வளவு சாதுன்னு சத்தியம் பண்ணாலும் சரி.

பொதுக் குதிரைன்னு சொன்னதும் எங்க ஊருல ரெண்டு பேரும் ஒண்ணா ஏறிக்கறதுன்னு தான் அர்த்தம் பண்ணிக்கிறாங்க. டிவிஎஸ் 50-ல நாலு பேரு போற ஊராச்சே. 41, 19, 6 கூட்டிப் பாருங்க, 66 கிலோ. நான் தேடற அதே 240 கிலோக் குதிரைக்கே 27 சதவீதத்துக்கு மேல. முறை வெச்சு ஏறினாலும் பசங்களுக்குத் தலைக்கு ஒரு மணி நேரம், குதிரைக்கு ரெண்டு மணி நேரம். இதை யாரும் எண்ண மாட்டேங்கறாங்க.

தர்மபுரிக்காரன் குதிரையைப் பத்தி எழுதிட்டு மன்றோவை விட்டா எப்படி? 1792-ல இருந்து 1799 வரைக்கும் பாராமகால் கணக்கு பாக்க வந்து நம்ம ஊருல இருந்தவரு. சென்னையில சிலையா நிக்கிற குதிரை மேல சேணமும் இல்லாம அங்கவடியும் இல்லாம உக்காந்திருப்பாரு. சிற்பி மறந்துட்டாருன்னு கிண்டல் பண்ணுவாங்க. ஆனா பசங்க விசயத்துல அந்த அங்கவடி தான் எனக்குப் பயமே. ரப்பர் செருப்போட காலை விட்டா வளையத்துக்குள்ள முழுசா நுழைஞ்சு மாட்டிக்கும். விழுந்தா குதிரை இழுத்துட்டு ஓடும். அதனால குதி வெச்ச ஷூ, தலைக்குக் குதிரை சவாரி ஹெல்மெட். ரெண்டும் குதிரைக்கு முன்னாடியே வீட்டுக்கு வரணும்னு சொல்லியிருக்கேன். இந்த ஒண்ணுக்கு மட்டும் அண்ணி என் பக்கம்.

அண்ணன் கடைசியா ஒண்ணு கேட்டாரு, அதுக்கு எனக்குச் சட்டுனு பதில் வரல. "ஒரு வருசத்துல பையன் 50 கிலோ ஆயிடுவான். அப்ப அந்தக் குதிரையை வித்துடறதா? எவன் வாங்கி எங்க கட்டுவான்?" உண்மை தான். ஒழுங்கா வெச்சிருந்தா மட்டக்குதிரை 25, 30 வருசம் இருக்கும். ஊட்டியில சவாரிக்கு ஆகாதது ரோட்டோரம் குப்பையைக் கெளறிட்டு நிக்கறதை நீங்களே பாத்திருப்பீங்க.

ரெண்டு நாள் யோசிச்சுட்டு சொன்னேன். பையன் 42 கிலோ தாண்டினதும் எறங்கிடணும். குதிரையை விக்க வேணாம். சின்னவ இன்னும் அஞ்சாறு வருசம் ஏறுவா. அவன் கயிறு புடிக்கட்டும், குளம்பு சுத்தம் பண்ணட்டும், கேவுரு தாளுல பூஞ்சை இருக்கான்னு பாத்துப் போடட்டும். இதை வாங்கறதுக்கு முன்னாடியே அவன்கிட்ட சொல்லிடணும், அவனுக்கு இஷ்டமில்லன்னா வாங்கவே கூடாது. அண்ணனுக்கு ஏகக் கோவம். "காசு போடறது நான், எறங்கறது எம்பையனா?"ன்னாரு. அதுவும் ஞாயம் தான், பாதிக் காசு நான் தரேன்னுட்டேன்.

பையன்கிட்ட நேத்து கேட்டோம். ஒண்ணும் சொல்லாம உள்ள போனவன், அரிசி மூட்டை நிறுக்கற தராசு மேல ஏறி நின்னு பாத்துட்டு வந்தான். இன்னும் ஒரு கிலோ இருக்கு சித்தப்பாங்கறான்.

ஆடி வரட்டும், டேப்போட மறுபடி அந்தியூர் போறோம். உங்கள்ல யாராச்சும் மட்டக்குதிரை வெச்சிருந்தா, எங்க சேணம் தைச்சீங்க, என்ன எடைன்னு சொல்லுங்க. எனக்கு 6 கிலோவுக்குக் கம்மியா வேணும்.