கடையடைப்புக்கு முன் ஒரு கடிதம்



நம் தொழிலைப் பாதிக்கும் உத்தரவு எது வந்தாலும் நமக்கு உடனே நினைவுக்கு வருவது கடையடைப்புதான். அது நம் உரிமை. அதனால் பலனும் கண்டிருக்கிறோம். ஆனால் உத்தரவு வருவதற்கு முன்பே “உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்” என்று நம்மைக் கேட்ட நாட்களும் உண்டு. அந்த நாட்களில் நாம் எங்கே இருந்தோம்? இதைத்தான் இங்கே கேட்க விரும்புகிறேன்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மண்டித் தெருவை ஒருவழிப் பாதையாக்கி, பகலில் லாரி நுழையத் தடை போட்டார்கள். ஒரு நாள் காலையில் துவரம் பருப்பு லோடு தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து தட்டுவண்டியில் மாற்றி ஏற்றியதில் இறக்குக் கூலி இரட்டிப்பானது. கொதித்துப் போய் நாற்பது பேர் திரண்டு அதிகாரியைப் பார்க்கப் போனோம். அவர் கோபப்படவில்லை. ஒரு கோப்பை எடுத்து எங்கள் முன் வைத்தார். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதித் தரும்படி நாளிதழில் அறிவிப்பு கொடுத்திருந்தார்கள். வந்த கடிதங்கள் இரண்டே இரண்டு. ஒன்று பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியருடையது. மற்றது ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவருடையது. பிள்ளைகள் நடந்து வரும் வழியில் லாரி வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கோரிக்கை, கேட்டார்கள், கிடைத்தது. தெருவில் கடை வைத்திருக்கும் நாங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த நாளிதழ் என் கடைக்கும் வந்திருக்கும். அன்று மாலையே வெல்லம் மடிக்கப் போயிருக்கும்!

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

சட்டம் என்ன சொல்கிறது?

ஊரை எப்படி அமைப்பது என்பது அதிகாரிகள் மட்டும் முடிவு செய்யும் காரியம் அல்ல. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன்படி ஓர் ஊருக்கு முழுமைத் திட்டம் தயாரித்தால், அதை வெளியிட்டுப் பொதுமக்களின் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் கேட்க வேண்டும். அதற்கு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். எந்தத் தெரு வணிகப் பகுதி, எது குடியிருப்பு, எந்தச் சாலை அகலமாகும் என்பதெல்லாம் அந்த வரைபடத்தில்தான் முடிவாகிறது. நம் கடையின் தலையெழுத்தே அதில் இருக்கிறது.

இந்த வாய்ப்பு அடிக்கடி வருவதும் இல்லை. கோயம்புத்தூருக்கு 1994-இல் ஒப்புதலான முழுமைத் திட்டத்துக்குப் பிறகு, அடுத்த வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2024-இல். முப்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் இரண்டு மாதத்தைத் தவறவிட்டால், அடுத்த முறை நம் பிள்ளைகள்தான் போக வேண்டும்.

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. நம் மாநிலத்தில் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 அன்று தொடங்கின. சாக்கடை, தெருவிளக்கு, குப்பை என்று எதையும் அங்கே பேசலாம். தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அமைக்கச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில், ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாத இடம் தெருவோர வியாபாரிகளுக்கு. அதே குழுவில் வணிகர் சங்கங்களுக்கும் பிரதிநிதித்துவம் உண்டு. கடை வாசலில் தள்ளுவண்டி நிற்கிறது என்று தினமும் சண்டை போடும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கள்ளிக்குடி சொல்லும் பாடம்

திருச்சி காந்தி மார்க்கெட்டின் நெரிசலைக் குறைக்க, மதுரைச் சாலையில் கள்ளிக்குடியில் கோடிக்கணக்கான ரூபாய் செலவில் வணிக வளாகம் கட்டி 2017-இல் திறந்தார்கள். கடைகள் சிறியவை, தூரம் அதிகம் என்று காந்தி மார்க்கெட் வியாபாரிகள் அங்கே போக மறுத்தார்கள். ஒரு மூட்டையை இறக்க எவ்வளவு இடம் வேண்டும், சில்லறைக் கடைக்காரர் சரக்கெடுக்க எவ்வளவு தூரம் வருவார் என்பதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். அது கட்டடம் எழுந்த பிறகு பேசும் விஷயம் அல்ல. வரைபடம் போடும்போதே பேச வேண்டியது. யார் மீது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. போன பணம் நம் எல்லோருடைய வரிப்பணம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

விடியற்காலை நாலு மணிக்கு எந்தத் தெருவில் எத்தனை லாரி நிற்கும், ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கே தேங்கும், தீபாவளிக்கு முந்தைய வாரம் கூட்டம் எந்தப் பக்கம் நெருக்கும் என்பதை ஊரில் நம்மைவிட அறிந்தவர் யார்? இந்த அறிவை நாம் ஊருக்குத் தராமல் பூட்டி வைத்திருக்கிறோம்.

கசப்பாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூட்டத்துக்குப் போனால் நம் கடைக்கு மட்டும் பேசக் கூடாது. சாக்கடை மீது படி கட்டியதும், நடைபாதையில் எண்ணெய் டின்களை அடுக்கியதும் நம்மில் பலர்தான், நானும் செய்தவன். முதலில் அதை எடுத்துவிட்டு, “இறக்கு ஏற்றுக்குக் காலை எட்டு மணி வரை நேரம் கொடுங்கள், பள்ளி நேரத்தில் நாங்கள் வண்டி எடுக்க மாட்டோம்” என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்கும். எங்கள் தெருவில் பிறகு நடந்ததும் இதுதான். தலைமையாசிரியருடன் உட்கார்ந்து பேசி, இரு தரப்பும் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தோம். அதிகாலை இறக்குக்கு அனுமதி கிடைத்தது. முதலிலேயே எழுதியிருந்தால் ஐந்து மாத நட்டம் மிச்சம்.

“எழுதினால் மட்டும் நடந்துவிடுமா?” என்று சிலர் கேட்பார்கள். எல்லாம் நடக்காது. ஆனால் உரிய காலத்தில் எழுதிய கடிதம் கோப்பில் இருக்கும். நாளை மேல்முறையீட்டுக்கும் வழக்குக்கும் அதுவே ஆதாரம். பேரேட்டில் ஏறாத கடனை யார் ஒப்புக்கொள்வார்?

ஆகவே சங்கத்துக்கு என் யோசனைகள்:

ஒவ்வொரு கடைத்தெருவுக்கும் இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும். ஒருவர் அனுபவஸ்தர், ஒருவர் இளைஞர். நாளிதழ் அறிவிப்புகளையும் மாநகராட்சி, நகராட்சி விளம்பரப் பலகையையும் வாரம் ஒருமுறை பார்ப்பது இவர்கள் வேலை.

பகுதி சபைக் கூட்டத்துக்கு ஒருவராவது தவறாமல் போக வேண்டும். மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் ஒப்புதல் முத்திரை வாங்கி வைக்க வேண்டும்.

வரைபடம் காட்ட மறுத்தால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

வந்த தகவலை நம் இதழில் அச்சிட்டு எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும்.

மே 5 வணிகர் தினத்துக்கு வேன் பிடித்து மாநாட்டுக்குப் போகிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு மாலை, இரண்டு மணி நேரம், நம் தெருவுக்காகப் போய் உட்கார முடியாதா? சம்பளம் இல்லாத வேலைதான். ஆனால் கடை நிற்பது ஊரில்; ஊர் நன்றாக இருந்தால்தான் கல்லாவும் நிறையும்.

எங்கள் தெருவுக்கு முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது பெயரை இளைஞர் ஒருவர் தர வேண்டும்.