ஏவல் எவர் மொழியில்?

ஆண்டுதோறும் ஆகசுட்டு 15ஆம் நாட் காலையில் சாயர்புரம் போலும் ஊர்களின் பள்ளித் திடல்களில் கொடி ஏறுகிறது. இனிப்பு வழங்கப்பெறுகிறது. சீருடை அணிந்த மாணவர் அணிவகுத்து நிற்கின்றனர். தில்லிச் செங்கோட்டையில் நடப்பதன் சிற்றுருவம் ஊர்தோறும் நடக்கிறதென்க. இவ்விழாவில் கொடியைப் பற்றியும் பாடலைப் பற்றியும் பேசுவார் பலர். அணியை நிறுத்தவும் நடத்தவும் திருப்பவும் வாய்விட்டு ஒலிக்கும் ஏவற்சொல்லைப் பற்றிப் பேசுவார் ஒருவரையும் காணோம். நாட்டு மாணவர் படைக்கு வகுத்த பயிற்சி நூலில் அவ்வேவல்கள் இந்தியில் உள்ளன. 'சாவ்தான்' என்பது நேர்நிற்கச் செய்யும் ஏவல். தமிழ்ச் செவியில் அது 'சாவுதான்' என்றே விழும். சிறுவர் நகைக்கின்றனர், நகைத்துக்கொண்டே குதிகாலை ஒட்டி நிற்கவும் பழகிவிடுகின்றனர்.

அச்சொற்கள்தாம் எத்தகையவை? 'சாவ்தான்' வடமொழி 'அவதானம்' வழிவந்தது. தமிழில் கவனகம் எனப்படுவது அதுவே. 'விசுராம்' என்பதும் வடமொழி. விரைந்து நடக்க ஏவும் 'தேசு சல்' என்பதில் முன்னது பாரசீகம், பின்னது இந்தி. படைக்கலம் உயர்த்தி மதிப்புச் செய்க என்னும் 'சலாமி சசுத்திர' என்பதிலோ முற்சொல் அரபி வழியது, பிற்சொல் வடமொழி. மூன்று நான்கு மொழிகளிலிருந்து ஒட்டுப்போட்டு, ஆங்கில ஏவல்களை மொழிபெயர்த்து ஆக்கிக்கொண்ட சொற்கள் இவை. ஆக்கிக்கொண்டதில் குறையில்லை. வெள்ளையன் சொல் வேண்டா என்று இந்தியார் தமக்குச் செய்துகொண்டதைத் தமிழர் தமக்குச் செய்துகொள்ளக் கூடாதென்பதே குறை.

'தமிழில் அத்தகைய சுருக்கமான சொல் ஏது?' என வினவுவார் தமிழரிலேயே உளர். அவர்க்கு விடையிறுக்கப் பவணந்தியாரே போதும். நன்னூலின் பதவியலில் ஏவல் வினைக்குரிய பகாப்பதங்களை ஈற்றெழுத்து நோக்கி 23 ஆக அவர் நிரல்படுத்துகிறார். அந்நிரலின் முதற்சொல் 'நட'. தொடர்ந்து வருவனவற்றுள் 'திரும்' உண்டு, 'செல்' உண்டு. அணிவகுப்புத் திடலுக்கென்றே தொகுத்தாற்போல உள்ளது! வேறு மொழியார் சிலர் விகுதி சேர்த்தும் சொல் சேர்த்தும் ஏவ, தமிழன் வெறும் முதனிலையாலேயே ஏவுகிறான். இதனினும் சுருக்கம் எம்மொழியில் உண்டு?

இந்நன்னூலைத் தம் பெரிய தமிழிலக்கண நூலுடன் சேர்த்து 1858இல் அச்சிட்டவர் போப்பையர். 1839இல் தமிழகம் வந்து, 1840களில் சாயர்புரத்தில் தங்கிப் பணியாற்றியவர் அவர். சாயர் என்னும் வணிகரின் பெயரால் அமைந்த அச்சிற்றூர் இன்று போப்பையர் பெயரால் ஒரு கல்லூரியையும் கொண்டிருக்கிறது. அயல்நாட்டுக் குருமார் ஒருவர் கடல்கடந்து வந்து கற்ற ஏவற்சொற்கள், அவ்வூர்ப் பிள்ளைகளின் திடலுக்கு வந்து சேரவில்லை.

ஒலியமைப்பு நோக்கினும் தமிழ் இதற்கு மிகப் பொருந்தும். அணிவகுப்பு ஏவல் இருபாற்பட்டது. முற்பாதி நீட்டி ஒலிக்கப்பெற்றுப் படைஞரை விழிப்பூட்டும். பிற்பாதி வெட்டென விழுந்து செயற்படுத்தும். 'வலம்' என்று நீட்டி, 'திரும்பு' என்று முடிக்கட்டும். ஈற்று உகரம் குற்றியலுகரமாதலின் அரை மாத்திரையே ஒலித்து அற்றுப்போகிறது. 'இடம் திரும்பு', 'பின் திரும்பு', 'விரைந்து நட', 'நேர் நில்', 'தளர்ந்து நில்' எல்லாம் அவ்வாறே. 'அணி நில்' என்பதும் 'நேர் நில்' என்பதும் மயங்குமே எனின், முற்சொல் வேறுபடுத்தும். அதற்காகவே முற்சொல் நீட்டி ஒலிக்கப்பெறுகிறது. பலரை ஏவுங்கால் 'நடமின்' என்று பன்மையில் கூறுவதன்றோ மரபு என்பார் புலவர் சிலர். மரபுதான். எனினும் அணியாய் நிற்பது ஓர் உடல். அதனை ஒருமையால் ஏவுவது இழுக்காகாது.

இனி, 'படைக்கு ஒரு மொழி வேண்டும். போர்க்களத்தில் சொற்குழப்பம் நேர்ந்தால் உயிர்க்கேடு' என்பது எதிர்வாதம். இதனை எள்ளித் தள்ளுதல் தகாது; உண்மையிலேயே எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆயினும் அப்படையின் உள்ளேயே நடப்பது யாது? 1758இல் தொடங்கியதும், இந்தியக் காலாட்படையுள் மிகப் பழையதும், குன்னூரையடுத்த வெலிங்டனில் நடுவிடம் கொண்டதுமாகிய சென்னைப் படைப்பிரிவின் போர்முழக்கம் 'வீர மதராசி! அடி கொல்லு! அடி கொல்லு!' என்பது. சீக்கியர்க்கு அவர் முழக்கம். கூர்க்கர்க்கு அவர் முழக்கம். உயிர் ஊசலாடும் களத்தில் அவரவர் மொழி முழங்கியும் படை குழம்பியதாகக் கேட்டதில்லை. அச்சென்னைப் பிரிவின் பொறிப்புரையோ கீதையினின்று எடுத்த வடமொழித் தொடர்! பாய்ந்து கொல்வதற்குத் தமிழ்; பட்டயத்தில் பொறிப்பதற்கு வடமொழி.

ஆத்திரிய-அங்கேரிப் பேரரசின் பொதுப்படையில் ஏறத்தாழ 80 செருமன் ஏவற்சொற்கள் மட்டுமே பொதுவாயிருந்தன. படைஞர் பேசும் மொழியை அதிகாரிகள் கற்றாக வேண்டியிருந்தது. அங்கேரியின் உள்நாட்டுப் படையான ஓன்வெடு 1868 முதல் அங்கேரி மொழியிலேயே ஏவப்பெற்றது. பொதுப்படையிலும் அவ்வுரிமை வேண்டுமென்று 1903இல் அங்கேரியர் கிளர்ந்தபோது பேரரசர் மறுத்துவிட்டார். ஏவற்சொல் சின்னஞ்சிறு செய்தி என்று அவ்விரு சாராரும் கருதவில்லை.

சிங்கப்பூரின் செய்தி இன்னும் எண்ணத்தக்கது. அங்கே சீனரே பெரும்பான்மையர். எனினும் ஆகசுட்டு 9ஆம் நாள் அணிவகுப்பில் ஏவல் ஒலிப்பது மலாய் மொழியில், நாட்டுப்பாடலும் மலாய்தான். எண்ணிக்கையில் மிக்கார் தம் மொழியை ஏனையோர் காலடிக்கு ஏவலாக்கவில்லை. ஈழத்தையடுத்த சிங்கள அரசின் போக்கோ வேறு. 2016இல் கொழும்பு விடுதலைநாள் விழாவில் தமிழிலும் பாடப்பெற்ற நாட்டுப்பாடல், 2020இல் மீண்டும் சிங்களத்தில் மட்டும் ஒலித்தது.

தமிழகம் இதைக் கேளாமலே இருந்துவிடவில்லை. 1965 மொழிப்போரின் சூடு ஆறாத நிலையில், அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்த காலத்து, 1968 சனவரி 23இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் மும்மொழித் திட்டத்தை நீக்கியதென்பதே பலரும் அறிந்தது. மாணவர் படையில் இந்தி ஏவற்சொல் கூடாதென்பதும் அதே தீர்மானத்தில் இருந்தது. அப்பகுதி இன்று நினைவில் மங்கிவிட்டது. விழா மரபுகள் மாற்றவொண்ணாதவை என்பாரும் உளர். 1974க்கு முன் ஆகசுட்டு 15 அன்று மாநிலங்களில் கொடியேற்றியவர் ஆளுநரே. கலைஞர் வலியுறுத்திக் கேட்டார். அவ்வாண்டு முதல் முதலமைச்சர்கள் ஏற்றுகின்றனர்.

மாற்றங்களை நடுவணரசும் செய்துகொண்டுதான் இருக்கிறது, திசைதான் வேறு. 2022இல் பாசறை திரும்பும் விழாவினின்று பழைய ஆங்கிலப் பண் ஒன்று நீக்கப்பெற, இந்திப் பாடலின் பண் அவ்விடத்து வந்தது. அவ்வாண்டே தில்லியின் அணிவகுப்புப் பெருஞ்சாலை வடமொழிச் சொற்களாலாகிய 'கர்த்தவ்ய பத்' ஆயிற்று. அடிமைச் சின்னம் அகற்றுகிறோம் என்றனர். அதே 2022 சனவரியில், ஓட்டப்பிடாரத்தில் பிறந்து, 1906இல் தூத்துக்குடியில் உள்நாட்டுக் கப்பல் நிறுவனம் கண்டு, வெள்ளையன் சிறையில் வாடிய வ.உ.சிதம்பரனார் உருவம் தாங்கிய தமிழக ஊர்திக்குத் தில்லி அணிவகுப்பில் இடமில்லாது போயிற்று. வேலு நாச்சியாரும் மருதிருவரும் அவ்வூர்தியில் இருந்தனர். சென்னைக் கடற்கரையில் அதை உலாவரச் செய்து தமிழக அரசு தக்க விடை அளித்தது. அவ்வூர்திக்காக எழுந்த குரலில் பத்தில் ஒரு பங்கேனும் ஏவற்சொல்லுக்காக எழுந்திருப்பின் நன்றாயிருக்கும். ஊர்தி ஆண்டில் ஒருநாள் செல்வது. ஏவலோ பயிற்சி நாள்தோறும் பிள்ளைகளின் செவியில் விழுவது.

எல்லைப்படையின் ஏவலை இன்றே மாற்றுக என்று கேட்கவேண்டுவதில்லை. பள்ளித் திடலில் பகைவர் இல்லை. சொற்குழப்பத்தால் உயிர்க்கேடும் இல்லை. மாணவர் படைக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை மாநில அரசு ஏற்கிறது. ஆகவே கேட்கும் உரிமை அதற்குண்டு. பள்ளி உடற்பயிற்சி வகுப்புக்கோ எவரையும் கேட்கவேண்டா. வேண்டிய ஏவற்சொற்கள் ஒரு தாளில் அடங்கும். தமிழாசிரியரும் உடற்பயிற்சி ஆசிரியரும் ஒரு மாலைப்பொழுது உடனிருந்தால் அத்தாள் எழுதி முடிந்துவிடும். அடுத்த ஆகசுட்டு 15க்கு முன் மாணவர்க்கு அதைப் பழக்கிவிடவும் கூடும்.